சாஞ்ச பாய் வரைந்த கால்கள்

கடத்தூரில் யார் விழப் போகிறார் என்பது, விழப் போகிறவருக்கு முன்பே சாஞ்ச பாய்க்குத் தெரிந்துவிடும். எமனுக்குக்கூட அத்தனை துல்லியம் இருக்குமா, சந்தேகம்தான்.

பாய் தையல்காரர். உட்கார்ந்தால் இடுப்பின் பின்பக்க மூட்டில் குத்துகிறது என்று, வெட்டுவது அளப்பது எல்லாம் நின்றபடியே. நிற்பதும் நேராக இல்லை. இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

பேண்ட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களை, தரையில் சாக்பீஸால் வரைந்த இரண்டு பாதங்கள் மேல் நிறுத்துவார். “கண்ண மூடுங்க” என்பார். பேண்ட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றும் முகமில்லை அது.

ஒரு கல்யாண மாப்பிள்ளையிடம் சொன்னார்: “மாப்ள, உங்க வலது காலு உங்க பேச்சக் கேக்கல. படி பாத்து ஏறுங்க.”

“பாய், நான் கபடி பிளேயருங்க!”

கபடி பிளேயர் மணமேடையின் இரண்டாவது படியில் தடுமாறி, மாலையும் கழுத்துமாக, பெண்ணின் சித்தப்பா மடியில் போய் உட்கார்ந்தார். அடுத்தது தபால்காரர். “வலப்பக்கம் உழுவீங்க” என்றார் பாய். விழுந்தார். வலப்பக்கமேதான்.

அதற்கப்புறம் சனங்கள் பாய் கடை வந்தாலே தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். கால்களை வரைந்து வைத்து ஆளை இழுக்கிறாராம்.

நான் பெயிண்டர். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பயம் மட்டும் மேற்படிப்பு படித்துக்கொண்டே இருக்கிறது. போன வருடம் எனக்கும், பாய்க்குக் குத்துகிற அதே இடுப்பு மூட்டில் வலி. நல்லம்பள்ளியில் மூன்று மாடிக் கட்டடம், சாரம் கட்டியாகிவிட்டது. மேஸ்திரியிடம் வலியைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் ஏறினால் ஆளே போகலாம். ஒரு மத்தியானம் பாய் கடைக்குள் நுழைந்தேன்.

கண்ணை மூடினேன். யாரோ என் வலது இடுப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள்.

“பாய், தொடாதீங்க!”

“நான் எங்கங்க தொட்டன்?” குரல் எதிரே, மேஜைப் பக்கமிருந்து வந்தது.

“பின்ன யாரு இழுக்கறது?”

“அதத்தான் நானும் அஞ்சு வருசமா தேடறன்.”

பிறகு செருப்பு உரசும் சத்தம். சரக்... சரக்... என்னைச் சுற்றிவந்து முதுகுக்குப் பின்னால் நின்றது. பிடரியில் மூச்சுக்காற்று. வெகு நேரம் கழித்து, “தொறங்க” என்றார். மேஜையருகே நின்றிருந்தார், எங்கும் போகாதவர் போல.

“சாரம் ஏறாதீங்க. பெரியாஸ்பத்திரில எக்சர்சைஸ் சொல்லித்தர்ற அம்மாவப் பாருங்க. இந்த மூட்டு வலிச்சா, நேரா நிக்கறது எதுன்னு ஒடம்புக்கே மறந்துபோவுதாம். கண்ணுதான் முட்டுக் குடுக்குது. மூடுனா தெரிஞ்சிபோவும்.”

“அப்ப பேய் இல்லீங்களா?”

“பேயா இருந்தா தேவல. ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிட்டு வூட்டுக்குப் போயிருக்கலாம்.”

மேஸ்திரியிடம் பாயே பேசினார். “இவரு மேல ஏறுனா உழுவாரு.” அவ்வளவுதான். மேஸ்திரி நடுங்கிப்போய் எனக்குக் கீழ்ச்சுவர் வேலை கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி அம்மா இடுப்பைச் சுற்றிப் பட்டை போடச் சொன்னார். கெட்டிக் கேன்வாஸில் பாயே தைத்துத் தந்தார். தினமும் பயிற்சி முடித்து, மத்தியானம் அந்தச் சாக்பீஸ் கால்கள் மேல் நிற்பேன். இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பின்னால் வரும் அந்தச் சரக் சரக் மட்டும் குறையவே இல்லை. வலியைவிட அதுதான் எனக்குக் கிலி.

ஒருநாள் பொறுக்காமல் அரைக்கண் திறந்து, எதிரிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் பாய். இரண்டு கைகளையும் விரித்து, என் மேல் படாமல், நான் சாய்ந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக. தானே நேராக நிற்க முடியாத மனிதர். வலியில் பல்லைக் கடித்தபடி, நெற்றியெல்லாம் வியர்வை.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இழுப்பு நின்றுபோய், இப்போது மறுபடி சாரம் ஏறுகிறேன். பாய் அங்கே கடையில் நிற்கும்போதே, இங்கே மூன்றாவது மாடியில் சில சமயம் பிடரியில் மூச்சுக்காற்று படும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கையை விரித்துக்கொண்டு நிற்கிறவரைக் கூச்சப்பட வைப்பானேன்?