ஆற்றை மகன் அண்ணைக்கு ஸ்பெயினில் கிடைத்த சொந்தம்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்று நம்பியவர் அவர். ஒன்று சொந்தக்காரர்கள், மற்றது சொந்தம் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்கள். எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். அவருடைய நிஜப் பெயரைத் தபால் உறைகளில் பார்த்ததோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் 'ஆற்றை மகன் அண்ணை'. யாழ்ப்பாணத் தமிழில் 'ஆற்றை மகன்?' என்றால் 'யாருடைய மகன்?' என்று அர்த்தம். தமிழ் முகம் எதைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வணக்கமெல்லாம் பிறகு.

பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் டாக்டரின் இரண்டு விரலும் ஒரு குறடும் இருக்கும்போதே கேட்டுவிட்டார். அந்த டாக்டர் மலேசியாவில் பிறந்தவர், யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்க்காதவர். பல் வெளியே வருவதற்குள் அண்ணைக்கு ஒன்றுவிட்ட மருமகனாகிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அவர் வீட்டு வாசலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் நின்றோம். டாக்டர் மனைவியின் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை.

மூவரில் மூன்றாவது ஆள் அண்ணையின் மனைவி ராணி அக்கா. விமான நிலையச் சமையல்கூடத்தில் வாரம் முழுக்கச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவார். சனி ஞாயிறு வந்தால், புதிதாகக் கண்டுபிடித்த சொந்தங்கள் வீட்டுக்கு வருவார்கள். இல்லாவிட்டால் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு இவர்கள் போக வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த வருஷம் அக்கா வாயைத் திறந்தார். தமிழரே இல்லாத ஒரு ஊரில், கடற்கரையில், ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும் என்றார்.

"அங்க ஒரு வீட்டுப் படியும் நான் ஏற மாட்டன். ஏத்தினீங்களெண்டால், அடுத்த பிளேனில தனியத் திரும்பி வந்திடுவன்."

அக்கா சொன்னால் செய்வார்.

ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரமாக, நீண்ட மணல் கரையும் மீன்பிடித் துறைமுகமும் உள்ள ஓர் ஊருக்கு மலிவாக டூர் கிடைத்தது. அண்ணைக்குக் காவலாக அக்கா என்னையும் கூட்டிக்கொண்டார். அண்ணையின் பெட்டியில் ஒரு பார்சல் பருத்தித்துறை வடை, அந்த மாதக்கணக்கில் கெடாத மொறுமொறு வடை, இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். வெறுங்கையோடு ஓர் ஊருக்குப் போவதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

முதல் இரண்டு நாளும் அவர் பட்டது நாய் படாத பாடு. ஷூவும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு மணலில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஐரோப்பாவே ஏறக்குறைய பிறந்த மேனியாகப் படுத்துக் கிடந்தது. உடுப்பில்லாதவர்களிடம் வம்சம் விசாரிப்பது மரியாதையில்லையாம். ராணி அக்கா மட்டும் சேலையைத் தூக்கிச் செருகி, அலை காலை நனைக்கும் இடத்தில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடியிருந்தார். அவரிடம் யாரும் தேநீர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அண்ணையைக் காணோம். துறைமுகத்தில் பிடித்தேன். ஒரு படகுக்குள் மீனவர்களோடு உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இவர் தமிழில் பேச, அவர்கள் ஸ்பானிஷில் பேச, இரு பக்கமும் தலையாட்டல் பிரமாதமாக நடந்தது. அதில் ஒரு பெரியவருக்கு அண்ணையின் பெரிய மாமாவுடைய மூக்கு அப்படியே இருக்கிறதாம். நான் நிபந்தனையை நினைவூட்டினேன்.

"வீடெண்டுதானே அவ சொன்னவ. இது வள்ளம்," என்றார்.

வினை வேறு வழியில் வந்தது. பெரியவர் எங்களை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணை ஒரு விருந்தை மறுக்க வேண்டிய கட்டம். மனைவி கடற்கரையில் கண்மூடிக் கிடக்கிறார், வரமாட்டார் என்பதைச் சைகையில் விளக்கினார். தன் கழுத்தில் தாலி இருப்பதுபோலக் காட்டினார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். கையை விரித்தார். கடைசியில் கடலைச் சுட்டிக் காட்டினார். பெரியவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அண்ணை கைகூப்பி, எங்கள் விடுதியின் பெயரையும் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலை விடுதிக்குக் கறுப்பு உடையில் ஒரு கூட்டம் வந்தது. பெரியவர், அவர் மனைவி, பிள்ளைகள், கை நிறையப் பூக்கள், ஒரு பானை மீன் சூப். விடுதிக்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். கடலில் போய்ச் சேர்ந்த அம்மாளுக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த நேரம் பார்த்து, போய்ச் சேர்ந்த அம்மாள் கையில் செருப்போடு, காலில் மணலோடு உள்ளே வந்தார்.

பெரியவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அண்ணை தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். பெரியவரின் மனைவியோ ஓடி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு விக்கி விக்கி அழுதார். அக்கா மரம்போல் நின்றார். நடந்ததை நான் சொன்னதும் தூணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூக்களை வாங்கிக்கொண்டார்.

"நான் செத்தால் அழ ஆக்கள் இருக்கினம் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்றார்.

மறுநாள் மத்தியானம் அக்காதான் முதலில் நல்ல சேலை உடுத்து, வடைப் பார்சலோடு வாசலில் நின்றார். யாரும் வற்புறுத்தாமலே, முதல் ஆளாகப் பெரியவருடைய வீட்டுப் படியேறினார். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பெண்களும் சமையலறைக்குள் புகுந்துகொண்டார்கள். ஒருவருக்கு ஒருவர் பாஷை ஒரு சொல் தெரியாது. ஆனாலும் புருஷன்மாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் வெடித்து வந்தது.

அண்ணை வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் விசாரிக்க எத்தனையோ மூக்குகள் இருந்தும் ஒன்றைக்கூட விசாரிக்கவில்லை. நீங்களும் உள்ளே போய்ப் பேசுங்களேன் என்றேன்.

"பொறும் தம்பி. லண்டனுக்கு வந்தாப்பிறகு இண்டைக்குத்தான் அவ சிரிக்கிற சத்தம் கேக்கிறன்," என்றார்.

அந்த மனிதரை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அன்று சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தபடி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, என் கூடப்பிறந்த அண்ணனைவிட அவரைப் பிடித்தது.