எதிர்வீட்டுக் கதவும் என் வீட்டு அழைப்பு மணியும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம் என்றுதான் முறைப்படி தொடங்க வேண்டும். சுகமில்லை. காரணம் நீ. போனில் சொன்னால் "சிக்னல் இல்லண்ணே" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மற்றபடி நீயும் உன் மனைவி, குழந்தைகளும் போன இடத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். சௌக்கியமாக இருந்தால்தானே இதை முழுவதும் படிக்க முடியும்.

வேலை மாற்றலாகிப் போனாய், சரி. பூட்டிய வீட்டைப் பூட்டியபடி விட்டிருக்கலாம். செல்போனில் படம் போட்டு, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாய். போதாததற்கு, இவர்கள் ஏன் ஹோட்டலை விட்டு வீடுகளைத் தேடி வருகிறார்கள் என்று ஒரு கட்டுரையை வேறு எனக்கு அனுப்பியிருக்கிறாய். உள்ளூர் வாழ்க்கையை அனுபவிக்கிறார்களாம்! பிறந்ததிலிருந்து நான் அதைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன், என்னைப் பற்றி ஒரு பயல் கட்டுரை எழுதவில்லை.

உன் வீட்டுக் கதவு மழையில் ஊறி உப்பிப்போனது ஞாபகம் இருக்கிறதா? வருகிறவர்களுக்குப் பூட்டின் நம்பரைச் சொல்லிவிடுகிறாய். பூட்டு திறக்கும், கதவு திறக்காது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, தோளால் ஒரு இடி இடித்து, அதே நேரம் அடியில் ஒரு உதை விட வேண்டும். இந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே வருகிறவன் எல்லாம் எதிரே இருக்கிற என் வீட்டு மணியை அடிக்கிறான். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவன் கதவை உதைப்பதற்காக ஓய்வு பெறவில்லை. முகத்தில் சவர நுரையோடு நான் உதைப்பதை ஒருவன் படம் பிடித்து உன் விளம்பரத்தின் கீழே போட்டிருக்கிறான். "அன்பான உள்ளூர் வரவேற்பு" என்று எழுத்து வேறு, அதற்கு ஐந்து நட்சத்திரம் வேறு.

கதவோடு போனால் பரவாயில்லை. ஒரு ஜோடி, கடல் தெரிகிற ஹோட்டல் அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, உன் அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை வேடிக்கை பார்த்தது. பிறகு கொடியில் பாதியைத் தங்கள் துணியால் நிரப்பியது, எங்கள் கிளிப்பைப் போட்டு. இன்னொருவர் நான் முடி வெட்டப் போனபோது கூடவே வந்து, எனக்கு மாதிரியே தனக்கும் வெட்டச் சொன்னார். என் தலையில் என்ன இருக்கிறது? அவருக்கோ அடர்த்தியான முடி. எல்லாம் போயிற்று. கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப் போனார் மனுஷன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை வெளியே எடுத்து, "இத்தனை பேர் ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். கைதட்டினார்கள். மறுநாள் மோட்டார் அறையைக் காட்டச் சொல்லி வாசலில் வந்து நின்றார்கள். காட்டினேன். நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா?

போன வாரம் தனியாக ஒரு பெண் வந்தாள். குப்பைப் பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டாள். கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடியும் மணி, அவளேதான். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "ஏம்மா, ஹோட்டல்ல மெத்தை இருக்கு, ஏசி இருக்கு, கூப்பிட்டா ஓடி வர ஆள் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இந்த ஓட்டைக் கதவு வீட்டுக்கு எதுக்கு வர்றீங்க?"

அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். அவள் செல்போன் அதைத் தமிழாக்கி ஒப்பித்தது: "ஹோட்டலில் அனைவரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இங்கே நீங்கள் என்னைத் திட்டினீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து என்னை யாரும் திட்டவே இல்லை."

திட்டு வாங்க விமானம் ஏறி வருகிற ஜனங்களை என்னவென்று சொல்வது! உன் அண்ணி உள்ளேயிருந்து, "நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாங்குறேன். எத்தனை நட்சத்திரம் குடுப்பேன்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே?" என்றாள். அதையும் செல்போன் அந்தப் பெண்ணுக்குச் சொல்லித் தொலைத்தது. இருவரும் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்த சிரிப்பில் டிவி செய்தி ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பிள்ளைகள் வேலைக்கென்று போன பிறகு எங்கள் வீட்டில் டிவி ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அதற்கும் வேட்டு வைத்தாய்.

ஆகவே குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் எச்சரிக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் நாள் வாடகைக்கு விடுவதை அடியோடு நிறுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். தம்பி என்றெல்லாம் பார்க்க மாட்டேன். அதற்கு முன், அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று சாக்குச் சொல்கிறாயே, அந்தத் தச்சரை உடனே அனுப்பு.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. கோபம் முழுவதும் உனக்கு மட்டுமே உரியது, அதைப் பங்கு பிரிக்காதே.

இப்படிக்கு,
மணியடித்தால் ஓடிவரும் உன் அண்ணன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கீழே கூட்டத்தில் தீர்மானத்தைப் படிக்க எழுந்தேன். மேலே யாரோ உன் கதவோடு மல்லுக்கட்டும் சத்தம். போய்த் திறந்துவிட்டு, குப்பையை எங்கே போடுவது என்று நாலு சத்தம் போட்டுவிட்டு வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. தீர்மானம் என் சட்டைப் பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். இன்று காலையில் உன் தச்சர் வந்தார். கொஞ்சம் இழைத்துவிட்டால் குழந்தைகூட ஒரு விரலால் திறக்கலாம் என்றார். அப்புறம் எங்கள் மணியை யார் அடிப்பார்கள்? திருப்பி அனுப்பிவிட்டேன், இனி அனுப்பாதே. அடுத்த ஆட்கள் எப்போது வருகிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல். சவரத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.