பதினேழு வித்தியாசங்கள்

பென் டிரைவில் எதுவுமே இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் அதைக் கணினியிலிருந்து பிடுங்கி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி செருகிப் பார்த்தார். துடைத்தால் தெரியும் என்பது தொழில் பழக்கம். தெரியவில்லை.

சோதனை நாற்காலியில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பெண்மணி பத்து நிமிடமாகக் காத்திருந்தார்.

"சார், கையை எடுக்கலாமா?"

"எந்தக் கையை?"

"நீங்க வெச்சுக்கச் சொன்ன கையை."

அவர் லென்ஸை மாற்றினார். "இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இருக்கவே முடியாது" என்றார் அவர். அந்தப் பெண்மணி பயந்துபோய் முதல் லென்ஸே நல்லது என்று சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். காலையில் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தை அச்செடுக்க வேண்டியிருந்தது. வீட்டு அலமாரியில் கைக்கு அகப்பட்ட பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு போனார். அச்சுக்கடைக் கணினி ஏதோ கேட்டது. நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவருக்குத் தன்னிடம் ஒரு கேள்வி வந்ததும் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. 'ஆம்' என்பதை அழுத்தினார். உள்ளே இருந்ததெல்லாம் அழியட்டுமா என்பதுதான் கேள்வி.

பென் டிரைவ் அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன், பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வேலை நேரம் போக மிச்ச வாழ்க்கையை ஜப்பானிய அனிமேக்குக் கொடுத்துவிட்டவர். மலைமேல் ஒரு ரயில் நிலையம், அங்கே ஒரு சிறுமி, அவளோடு பேசும் நரி என்று போகும் ஒரு தொடர். அதன் மூன்றாவது அத்தியாயம் ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. படம் சரியாக வரவில்லை என்று தயாரித்தவர்களே அதைத் திரும்பப் பெற்று, பாதியைப் புதிதாக வரைந்து மறுபடி வெளியிட்டார்கள். புதியது எல்லோருக்கும் கிடைக்கும். பழையது கிடைக்காது. அந்தப் பழையதைத்தான் மச்சான் எங்கிருந்தோ பிடித்து அந்தப் பென் டிரைவில் வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. இரண்டுக்கும் நடுவே பதினேழு வித்தியாசங்கள் என்று இணையத்தில் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு விருந்தில் கண்ணாடிக்கடைக்காரர், "என்ன மச்சான், இன்னும் பொம்மைப் படம்தான் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். தங்கையோடும் பேச்சு நின்றது. போன மாதம்தான் அவரே தங்கையைக் கூப்பிட்டுப் பேசி, கிளம்பும்போது இதைக் கொடுத்தனுப்பினார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. எங்கயாவது தொலைஞ்சிடும். நீ வெச்சிரு" என்றாராம். அதை மனைவி இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

அவளேதான் இப்போது தொலைபேசியில் வந்தாள்.

"என்னங்க, அண்ணனும் அண்ணியும் நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்றாங்க. ஆறு வருஷம் கழிச்சு."

"அப்படியா, சந்தோஷம்" என்றார்.

"யாரோ ஒருத்தன் அண்ணனோட பட்டியலே தப்புன்னு எழுதியிருக்கானாம். நாளைக்கு நம்ம வீட்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு, ஒவ்வொண்ணா போட்டோ புடிச்சுப் போடப்போறாராம். பென் டிரைவ் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு." பென் டிரைவ் பத்திரமாகத்தான் இருந்தது.

அவர் கடையை உதவிக்காரரிடம் விட்டுவிட்டு மாடியேறினார். மேலே ஒரு வீடியோக்காரர் கடை வைத்திருந்தார். அழிந்ததை மீட்க முடியாது என்று இரண்டே நிமிடத்தில் கைவிரித்தவர், அடுத்த நிமிடமே வேறு யோசனை சொன்னார்.

"புதுசு கிடைக்குதுல்ல? அதை எடுத்துப் பழசாக்கிடலாம்ணே."

"எப்படிய்யா?"

"பழசு எப்படி இருந்துச்சுன்னு உங்க மச்சானே பதினேழு பாயிண்ட் எழுதி வெச்சிருக்காரே. அதைப் பாத்துப் பின்னாடியே போக வேண்டியதுதான். கல்யாணத்துக்கு வராத மாமாவையே குரூப் போட்டோவுல நிக்க வெச்சவன்ணே நானு."

கண்ணாடிக்கடைக்காரர் மச்சானின் கட்டுரையை முதல் முறையாகப் படித்தார். பழையதில் சிறுமியின் கழுத்துத்துணி நீலம், புதியதில் பச்சை. பழையதில் நரிக்கு மீசை இல்லை. நிலைய அதிகாரியின் சட்டையில் ஒரு பொத்தான் குறைவு. நிலவு இல்லை. இப்படியே பத்து வித்தியாசங்களை மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

பதினொன்றாவதில் சிக்கல். புதியதில் அறையின் கதவு வலப்பக்கம், பழையதில் இடப்பக்கம்.

"சிம்பிள்" என்று வீடியோக்காரர் அந்தக் காட்சியை அப்படியே இடவலமாகத் திருப்பினார். கதவு இடப்பக்கம் போனது. சுவரில் இருந்த ஊர்ப்பலகையின் எழுத்துகளும் திரும்பிக்கொண்டன.

"ஜப்பான் எழுத்துதானேண்ணே. யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்யா. அதுக்காகவே படிச்சவரு."

பலகையைக் கலங்கலாக்கினார்கள். இப்போது பலகை மட்டும் கண்புரை வந்தவர் பார்ப்பதுபோல் இருந்தது. ஏன் கலங்கலாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வீடியோக்காரர் மழை போட்டார். மழை நன்றாக விழுந்தது, அறைக்குள்ளும் விழுந்தது.

"உள்ளயும் பெய்யுதே."

"ஜன்னல் தொறந்திருக்குன்னு நினைச்சுக்கட்டும்."

"யாருமே நனையலையே."

வீடியோக்காரர் சற்று யோசித்து, நரியை மட்டும் கொஞ்சம் கருப்பாக்கினார். நனைந்த நரி என்று பெயர். பார்ப்பதற்கு வேறு ஏதோ பிராணி.

பதினேழாவதுதான் உச்சம். பழையதின் கடைசிக் காட்சியில் இசை கிடையாது, பேச்சும் காலடி ஓசையும் மட்டும். இசையை எடுத்தால் பேச்சும் சேர்ந்து போனது. கண்ணாடிக்கடைக்காரர் செருப்போடு கடைக்குள் மேலும் கீழும் நடக்க, வீடியோக்காரர் ஒலிவாங்கியைத் தரையோடு பிடித்துக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்தார். நிலைய அதிகாரி ஏதோ சொல்லும் இடத்தில் கண்ணாடிக்கடைக்காரரே அடிக்குரலில், "ம்ம்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் சோகமா, அண்ணே."

"ம்ம்ம்."

இந்த முறை உண்மையான சோகமே வந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு மச்சான் வந்தார், கையில் நோட்டும் பூதக்கண்ணாடியும். பின்னால் அவர் மனைவி, அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர், வழக்கம்போல அதிகம் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

"மாப்ளே, சௌக்கியமா?" என்றார் மச்சான். ஆறு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கண்ணாடிக்கடைக்காரர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு திரைகளிலும் படம் ஓடியது. இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. நீலத் துணி, மீசை, பொத்தான் எல்லாவற்றுக்கும் மச்சான் தலையாட்டிப் படம் பிடித்தார். கதவு வந்தது. கதவோடு மழையும் வந்தது.

மச்சான் படத்தை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மாப்ளே, இங்க மழை பெய்யுதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியுது மச்சான்?"

"பெய்யற மாதிரிதான் தெரியுது. ஆனா ரூமுக்குள்ள பெய்யுதே."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மச்சான் பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்து மூலைமூலையாகப் பார்த்தார். கதவோரம் நின்ற தங்கையின் முகம் மெல்ல வாடியது. பிறகு அவர் நோட்டைத் திறந்தார்.

"நாலு வருஷமா இதைப் பாக்கறேன். இது என் கண்ணுல படலையே" என்றார் தழுதழுத்த குரலில். "அந்தப் பொண்ணோட மனசுல பெய்யற மழை மாப்ளே இது. அதனாலதான் யாரும் நனையல. நரி மட்டும் நனையுது பாருங்க, அதுக்குத்தானே அவ மனசு தெரியும். புதுசுல இதைப் போய் எடுத்திருக்கானுங்களே, பாவிங்க."

பதினெட்டு என்று எழுதினார். பலகையின் கலங்கல் பத்தொன்பது. கடைசிக் காட்சியில் 'ம்ம்ம்' வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன குரல். இந்த நடிகர் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

பிற்பகலுக்குள் எண்ணிக்கை முப்பத்தொன்றைத் தொட்டது. "என் பட்டியல் தப்புன்னானே, இப்ப வரச் சொல்லு அவனை" என்று மச்சான் சிரிக்க, தங்கையும் சேர்ந்து சிரித்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா இங்கதாம்மா" என்றார் அவர்.

அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கக் கண்ணாடிக்கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த மனிதர் இன்றைக்கே முப்பத்தொன்றையும் ஊரறிய எழுதிவிடுவார். நாளை எவனாவது சிரித்தால்? ஆறு வருடம் மறுபடி தொடங்கும். இந்த முறை அது முடிவுக்கே வராது. இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை. எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சமையலறையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்த மச்சானின் மனைவி வழியில் நின்று, தம்ளரை அவர் கையில் திணித்து, காதருகே மெதுவாகச் சொன்னார்:

"சும்மா இருங்க தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவர் பாக்கறதுக்குள்ள நான் அதைத் தெரியாம அழிச்சுட்டு, ராத்திரி பகலா உக்காந்து புதுசைப் பழசாக்கி வெச்சப்ப, எனக்குப் பதினேழுக்கு மேல தோணவே இல்ல."