மலைச் செம்பருத்தியும் சும்மா இராத என் கைகளும்

என் கைகள் சும்மா இருக்காது. கொதிக்கிற சோற்றைப் பத்துத் தடவை கிண்டி, குழைய விட்டுத்தான் இறக்குவேன். இந்தக் குணத்தால், கல்யாணமான முதல் வருஷமே, எழுபத்து நாலோ ஐந்தோ, தூத்துக்குடியில் ஒரு கொலை செய்தேன்.

செத்தது என் மாமியாரின் மலைச் செம்பருத்தி. கொடைக்கானலில் வேலை பார்த்த மூத்த மகன் கொண்டுவந்த செடி, ஊதாவாகப் பூக்கும். முருங்கையே முக்கி முனகி வளர்ந்த எங்கள் தெரு உப்புக் காற்றில், அத்தை அதை நாலு வருஷமாக இடுப்புயரத்துக்கு வளர்த்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் செடியைக் காட்டுவார், பிறகுதான் மருமகளை.

தை மாதம், விளாத்திகுளத்தில் தங்கை வீட்டு மிளகாய்ப் பறிப்புக்குக் கிளம்பும்போது சொன்னார்: “ஏளா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு செம்பு தண்ணி ஊத்து. அது என்ன ஆனாலும் நீ கை மட்டும் வைக்காத.”

மூன்றாம் நாள் இலைகள் மஞ்சளாயின. ஐந்தாம் நாள் கொட்டத் தொடங்கின. ஒரு செம்பு ஒரு குடமாயிற்று. (குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர். என் கணவர் குளிக்காமலே துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்.) மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். புண்ணாக்கு வைத்தேன். வேர் அழுகிவிட்டதோ என்று பிடுங்கிப் பார்த்துத் திரும்ப நட்டேன். மறுநாளும் பிடுங்கிப் பார்த்தேன்.

“அத விடுளா. ஆஸ்பத்திரியில கூட ரெண்டு வேளைதான் வந்து பாக்குதாங்க” என்றார் கணவர்.

கடைசியில் ஓர் இலைகூட இல்லை, வெறும் குச்சிகள். அத்தை வருவதற்கு இரண்டு நாள் முன்பு அதைப் பிடுங்கி, வெட்டி, விறகோடு போட்டேன். அதே குழியில் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய சிவப்புச் செம்பருத்தியை, தளதளவென்று இலையோடு, நட்டுவைத்தேன். பூத்தால்தானே நிறம் தெரியும்? அதற்குள் எனக்கு ஒரு குழந்தை பிறந்துவிடும், மன்னித்துவிடுவார் என்று நினைப்பு.

அத்தை வந்ததும் பையைக்கூட இறக்காமல் செடியைப் பார்க்கப் போனார். நான் அடுப்படிக்கு ஓடிக் காப்பி போட்டேன். அடுப்பு கண் எரியப் புகைந்தது.

“என்னளா, செடியில எலை இருக்கு?”

“நல்லாப் பாத்துக்கிட்டேன் அத்தை.”

“வருஷா வருஷம் தையில எலையெல்லாம் கொட்டி மொட்டையால்லா நிக்கும். பங்குனியிலதான துளுக்கும்?”

என் கைகள் முதல்முறையாக அசையாமல் நின்றன. அத்தை அடுப்படி வாசலுக்கு வந்து மூக்கைச் சுளித்தார். “அடுப்பு ஏன் இப்படிப் புகையுது? பச்சை வெறகா?”

பச்சைதான். உயிரோடிருந்த குச்சி, முனையில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அத்தை குனிந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காப்பியை நீட்டினேன். வேறென்ன செய்ய?

வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னது ஒன்றுதான்: “நாலு வருஷம் வளத்தேன். ஒரு காப்பிக்குத்தான் ஆச்சு.”

என் கணவருக்கு நாற்பதிலேயே முடி கொட்ட ஆரம்பித்தது. ஒருநாள் கண்ணாடி முன் தலையைத் தடவிக்கொண்டே அவர் அம்மாவிடம் முறையிட்டதையும், அத்தை பதில் சொன்னதையும் என் பிள்ளைகள் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறார்கள்.

“எம்மா, இவகிட்ட சொல்லி வையி. கொட்டுதது முடி மட்டுந்தான். ஆளு உசிரோடதான் இருக்கேன்.”

“பயப்படாதல. நம்ம வீட்டுல இப்ப கேஸ் அடுப்புதான்.”