கதவின்மேல் பரிமாறிய சொதி

என் மனைவி தனக்கென்று கேட்டது ஒரே ஒரு கதவு. அதை நான் அறுத்துச் சாப்பாட்டு மேசையாக்கினேன். அவளிடம் கேட்காமல் அறுத்தேன். அவள் கேட்டபோது பொய் சொன்னேன். இனிச் சொல்லப்போவதெல்லாம் வெறும் விவரம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியர்களில் கோயில் திருப்பணிக் குழுவில் சேர்பவர்கள் உண்டு, வீடு கட்டுபவர்கள் உண்டு. (முதல் வகையால் குடும்பத்துக்குச் சேதம் குறைவு.) நான் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், பழைய ஆலைகளை வீடாக மாற்றிக் குடியிருப்பவர்களின் படங்களைப் பார்த்துத் தொலைத்தேன். உயரமான கூரை, பூச்சில்லாத செங்கல் சுவர், நடுவில் இரும்புத் தூண். அதில் சாய்ந்தபடி ஒருவர் காப்பி குடிக்கிறார். அப்படிச் சாய்ந்து காப்பி குடிக்காவிட்டால் என் ஜென்மம் வீண் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முக்கூடலில் ஆற்றுக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றை வாங்கினேன்.

சுவரிலிருந்த நல்ல பூச்சைக் கூலி கொடுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் சைக்கிளில் நெல் மூடையோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மூடை அரைக்கணும்."

"இது இப்ப வீடுங்க."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கோடிச் சுவர்வரை பார்த்தார்.

"வீடா? அப்ப எங்கனவே படுப்பீரு?"

(ஒரே நிமிடத்தில் மரியாதைக்குரிய அண்ணாச்சி வெறும் 'வே' ஆகிவிட்டதைக் கவனிக்கவும்.)

சிவகாமியும் அதையேதான் கேட்டாள், மரியாதையாக. அவள் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து என் அம்மா, தம்பிகள், தங்கைகள் என்று ஒரு பட்டாளத்தோடு வாடகை வீடுகளில் காலம் தள்ளியவள். அந்த வீடுகளில் அறைக்கு அறை பழைய சேலைதான் கதவு.

"எல்லாம் உங்க இஷ்டம்போலச் செய்யுங்க. எனக்கு மூலையில ஒரு ரூம் மட்டும் போதும். உள்ள தாழ் போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் இருக்கணும். என்ன செய்யுதன்னு யாரும் கேக்கப்பிடாது" என்றாள்.

கதவையும் அவளே வைத்திருந்தாள். ஆழ்வார்குறிச்சியில் அவள் பிறந்த வீட்டை இடித்தபோது, பண்டமும் பாத்திரமும் வைக்கும் அரங்குவீட்டின் கதவை மட்டும் அண்ணனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். கனத்த தேக்கு. வளையம் கழன்றுபோய் அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பத்திரிகைப் படத்தில் அறைகள் இல்லை. சுவர் எழுப்பினால் கட்டடத்தின் மூச்சு நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (கட்டடம் மூச்சு விடாது. அதுவும் இயற்பியல்தான்.) ஆலையில் கிடந்த இரண்டு இரும்புச் சக்கரங்களைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். ஆசாரியைக் கூப்பிட்டு, கதவின் அடியில் ஒரு முழம் அறுக்கச் சொல்லி, சக்கரங்களின்மேல் படுக்கவைத்துவிட்டேன். வளைய ஓட்டைக்கு மெழுகும் மரத்தூளும் போதும் என்றார் ஆசாரி. தலையாட்டினேன். நானோ வாழ்நாள் முழுக்க உருகுநிலையைப் பற்றிப் பாடம் நடத்தியவன்.

"கதவு என்ன ஆச்சு?" என்று சிவகாமி கேட்கும்போதெல்லாம், "ஆசாரி பாலிஷ் போடுதாரு" என்பேன். பால் காய்ச்சும் நாள் நெருங்கியும் மூலையில் சுவரே எழும்பவில்லை. "கதவு வைக்க நல்ல நாள் பாக்கணும்லா" என்றேன். ராகுகாலத்தில் ஓய்வூதிய விண்ணப்பம் கொடுத்தவன் நான். அவள் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பினாள்.

விடிகாலையில் பால் பொங்கியது. மதியம் தேங்காய்ப்பால் குழம்பான சொதியோடு சாப்பாடு. சொந்தங்கள் பத்தமடைப் பாயில் உட்கார, மேசை மட்டும் முக்கியஸ்தர்களுக்கு. மேலே வெள்ளைக் காகிதம் விரித்து, இலை போட்டாயிற்று. தலைப்பக்கம் சிவகாமியின் அண்ணன், என் மச்சான்.

"மாப்ளே, மில்லுக்குள்ள விருந்து வைக்கீரே, தவிட்டுல பாயசமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தூணில் சாய்ந்து சிரித்தேன்.

கொதிக்கக் கொதிக்கச் சொதி வந்தது. மச்சான் தாராளமாக வாங்குபவர். இலையில் குளம் கட்டியது. கொஞ்ச நேரத்தில் குளம் வற்ற ஆரம்பித்தது. அவர் இன்னும் வாயே வைக்கவில்லை.

"ஏ, சொதி எங்கன போகு?" என்றவர், அடுத்த கணமே "ஆத்தே!" என்று எழும்பினார். சொதி போன இடம் அவருடைய வேட்டி. மெழுகு உருகி, இலை கிழிந்து, காகிதம் நைந்து, ஓட்டை தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது. இலையையும் காகிதத்தையும் வாரிச் சுருட்டி எறிந்தவர், குனிந்து பார்த்தார்.

"ஏ சிவகாமி! இது நம்ம அரங்குவீட்டுக் கதவுல்லா!"

அவள் நெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஓட்டையைப் பார்த்தாள். அடியில் அறுபட்ட விளிம்பைத் தடவினாள்.

"அறுத்துட்டீங்களா?"

பாலிஷ் என்று ஆரம்பித்தேன்.

அவள் அழ ஓர் இடம் தேடினாள். அப்போதுதான் என் மாளிகையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு மனுஷி முகத்தை மறைக்க ஓர் அறை இல்லை. பின்பக்கம் நெல் ஊறவைக்கும் பழைய தொட்டி, ஆள் உயரத்துக்குமேல் ஆழம். (அதை நூலகமாக்குவதாக இருந்தேன்.) இரும்பு ஏணி வழியே பட்டுச்சேலையோடு அதற்குள் இறங்கிவிட்டாள்.

மொத்தக் கூட்டமும் விளிம்பைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. அவளுடைய தங்கை குனிந்து, "யக்கா, பாயசம் இறக்கவா?" என்றாள்.

"எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது, முழக்கமாக. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். எட்டிப் பாக்காம இருந்தாப் போதும்."

ஒருவரும் நகரவில்லை. மச்சான்தான் மஞ்சள் வேட்டியோடு ஆட்களை விரட்டினார். என்னைத் தாண்டிப் போய்க் கை கழுவினார். திட்டியிருக்கலாம்.

மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து மூலையில் சுவர் எழுப்பினேன். அறுத்த துண்டைத் தேடினேன். ஆசாரி அதைப் பலகையாக்கியிருந்தார், அதன்மேல்தான் நாங்கள் இருவரும் பால் காய்ச்சும் பூஜைக்கு உட்கார்ந்திருந்தோம். அதையே கதவில் திரும்ப ஒட்டவைத்து, கதவை நிலையில் மாட்டினேன். தழும்பு தெரிகிறது. தாழ்ப்பாளை நானே முடுக்கினேன், கோணலாக. சிவகாமி வந்து பார்த்தாள், உள்ளே போனாள், தாழ் போட்டாள்.

நான் வெளியே நின்று மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். நல்ல தமிழில், காரண காரியங்களோடு நீளமான மன்னிப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்றாள், ரயில் கக்கூஸிலிருந்து சொல்வதுபோல.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது தப்புப் பண்ணிவிட்டுச் சமாதானம் பேச வந்தால், பேரன் பேத்திகள்வரை கோரஸாகக் கத்துவது அதைத்தான். பத்திரிகைப் படத்து ஆளைப்போல நான் தூணில் சாய்ந்து காப்பி குடிப்பதும் தினமும் நடக்கிறது. என் தூண் அந்தக் கதவுக்கு எதிரே இருக்கிறது. மத்தியானத்தில் அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.