ஜூலைத் தோட்டாவை டிசம்பரில் சுட்ட விவரம்

ஓச்சிவரோங்கோ பண்ணை
டிசம்பர் 14

அன்பும் மரியாதையும் உள்ள மானஸ் பெரியப்பாவுக்கு,

எல்மரி எழுதுவது. ஸ்வாகோப்முண்ட் கடற்காற்றில் பெரியம்மாவின் மூச்சிரைப்பு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் எல்லாரும் நலம். துப்பாக்கிதான் நலமில்லை.

நீங்கள் கடற்கரைக்குப் போனதிலிருந்து இரண்டு வருஷமாக அப்பா 416 ரைஃபிளையும் உங்கள் தோட்டாக் கணக்கு நோட்டையும் தொடவே இல்லை. போன சனிக்கிழமை என்ன நினைத்தாரோ, "உன் பெரியப்பா கணக்கு தப்பவே தப்பாது" என்று சொல்லிக்கொண்டே, நீங்கள் எழுதியிருந்த எடைக்கு வெடிமருந்தை நிறுத்து ஐந்து தோட்டாக்களை நிரப்பினார். தராசு முள்ளை நான்தான் பார்த்தேன், துல்லியம். பிறகு தோட்டாக்களை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பண்ணை ஃபூரி மாமாவோடு வேலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நம் டிசம்பர் கோடை, நிழலிலேயே முப்பத்தெட்டு டிகிரி. குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் சுட்டார். அவர் தொப்பி பறந்தது, கினிக்கோழிகள் கூரை ஏறின, அம்மா வெளியே ஆறவைத்திருந்த ரொட்டித் தட்டு கவிழ்ந்தது, ஆனால் துப்பாக்கியைத் திறக்கும் போல்ட் மட்டும் அசையவில்லை. இழுத்தார், திட்டினார், மரச்சுத்தியால் தட்டினார், கடைசியில் பூட்ஸ் காலால் உதைத்தார்.

"ஏங்க, அது துப்பாக்கியா, கிணத்து மூடியா?" என்றாள் அம்மா.

ஒருவழியாகப் பித்தளை உறை வெளியே விழுந்தது. அதன் பின்பக்கத்தில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகியிருந்தது.

"எவ்வளவு மருந்து எழுதி வெச்சிருக்கான் பாரு! என் மூஞ்சியே போயிருக்கும்! மானஸ் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும். இல்லேன்னா அவனோட ஜூலை வேட்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இதை ஃபூரிக்கு வித்துடறேன்!" என்று அப்பா கத்தினார்.

"இப்பவே எடுத்துக்கட்டுமா, சாரெல்?" என்று அப்பாவிடம் கேட்டார் ஃபூரி மாமா.

"போய்யா, போய் உன் வேலியைப் பாரு!"

ஆகவே நான் உங்கள் நோட்டை முழுக்கப் படித்தேன். அறுபத்தோரு பக்கம். எல்லாத் தேதியும் நம் குளிர்காலத்து ஜூன் அல்லது ஜூலை, எல்லா நேரமும் காலை ஏழு. அந்தக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. புல் முழுக்க உறைபனி. நீங்களும் அப்பாவும் ஒரே கெட்டிலிலிருந்து காபி குடிப்பீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உறையை என் உள்ளங்கையில் போட்டு, "எப்படி இருக்கு, டாக்டர்?" என்று கேட்பீர்கள். அந்தக் கதகதப்புக்காகவே நான் கையுறையைக் கழற்றி வைத்திருப்பேன். பிரைமரின் ஓரம் உருண்டையாக இருந்தால், "நலம்" என்பேன். நீங்கள் அதையே நோட்டில் எழுதுவீர்கள்.

மருந்து சூடானால் இன்னும் வேகமாக எரிகிறது, தோட்டா அறையில் அழுத்தம் ஏறுகிறது. உறைபனியில் சரியாக இருந்த எடை டிசம்பர் வெயிலில் அதிகம். எனவே உங்கள் கணக்கு தப்பவில்லை. ஆனாலும் பெரியப்பா, "குளிர்காலத்துக்கு மட்டும்" என்று நீங்கள் எழுதவில்லை என்பதையும் நான் மரியாதையுடன் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சின்னக் குறைக்காக ஒரே ஒரு வரி மன்னிப்பு எழுதுங்கள். அப்பாவுக்கு அது போதும். உங்கள் தொப்பி தொங்கிய கொக்கியில் இன்றுவரை அவர் எதையும் மாட்டவிடுவதில்லை.

பெரியம்மாவுக்கு முத்தங்கள், உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். கடவுள் உங்களைக் காக்கட்டும், உங்கள் போல்ட் எப்போதும் லேசாகத் திறக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள
எல்மரி

பின்குறிப்பு: மன்னிப்பு வேண்டாம். நோட்டைத் திரும்ப வைக்கும்போது, காபிக் கறையில் ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் பிரிந்தன. உள்ளே உங்கள் கையெழுத்து: "இது குளிர்காலத்துக்கு மட்டும். கோடையில் இரண்டு கிரெயின் எடை குறை. சாரெல் மறந்துவிடுவான், நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்." அப்பாவிடம் காட்டினேன். அந்த மூன்று வரியை ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "பக்கத்துல இருந்து சொல்றேன்னு எழுதிட்டு கடற்கரைக்குப் போயிட்டான் பாரு. ஜூலைக்கு வந்து சேரச் சொல்லு. அந்தக் கெட்டிலைத் தூக்கிட்டுப் போனானே, அதுக்கு வேணா மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார்.