புகழ்ப் பாதுகாப்புக் குழுவின் கடைசிக் கூட்டம்

மனிதகுலம் இதுவரை உலகுக்கு அளித்த மாபெரும் கொடைகளில் என் அண்ணனின் இடது காலும் ஒன்று.

பாமரர்கள் கூண்டுச் சண்டை என்றழைக்கும் கலப்புத் தற்காப்புக் கலையில், அந்தக் கால் ஒரு சாம்பியனை நாற்பதே நொடியில் படுக்க வைத்தது. அடுத்த மாதமே, ஆள் வராததால் கடைசி நேரத்தில் கூண்டுக்குள் தள்ளிவிடப்பட்ட ஒரு பல் டாக்டரிடம் அண்ணன் தோற்றார். "தோற்றார்" என்பது கொச்சை. "மேதைமை ஓய்வெடுத்தது" என்று பத்திரிகைக் குறிப்பு எழுதியது நான்தான். வீட்டின் முதல் பட்டதாரி. படித்த படிப்பு வேறெதற்கு?

இப்படியே பதினோரு வெற்றி, பதினோரு ஓய்வு. இந்தச் சமநிலையை வரலாறு தாங்காது என்பதால், "புகழ்ப் பாதுகாப்புக் குழு" ஜிம்மின் உடைமாற்றும் அறையில் அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் அண்ணனுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர், அண்ணன், நான். பார்வையாளர்கள், கொக்கியில் தொங்கிய ஈரத் துண்டுகள்.

"இன்னும் ஒரே ஒரு சண்டைம்மா," என்றார் மாஸ்டர். "ஜெயிச்சா பன்னெண்டு. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

"தோத்தா?"

"அதான் நீ எழுதிடுவியே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"சண்டை யார்கூட?" என்றார் அண்ணன். மூன்றாவது தடவையாக.

"மேதைங்க அப்படித்தான்," என்று மாஸ்டர் பெருமையோடு தலையாட்டினார்.

வழக்கம்போல் மருத்துவப் படிவம் என்னிடம் வந்தது. மாஸ்டருக்குப் படிவம் என்றாலே ஒவ்வாமை. அண்ணன் கையெழுத்து மட்டும் போடுவார். கேள்வி நான்கு: தொடர்ந்து தலைவலி உண்டா? கேள்வி ஐந்து: மறதி உண்டா? நான் எப்போதும் யோசிக்காமல் "இல்லை" போடும் இடங்கள். இம்முறை பேனா நின்றது.

"அண்ணா, உண்மையைச் சொல்லு. தலை வலிக்குமா?"

"சண்டைக்கு அப்புறம்தான்."

"எத்தனை நாளைக்கு?"

அண்ணன் நிதானமாக யோசித்தார். "அடுத்த சண்டை வரைக்கும்."

இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று எழுதி நீட்டினேன்.

மாஸ்டர் படிவத்தை விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"என்னம்மா இது? இதைக் குடுத்தா இவனை வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க. இருபத்திரெண்டு தடவை இல்லைன்னு போட்டியே, அப்பல்லாம் இவனுக்கு வேற தலையா இருந்துச்சு?"

"தலை அதேதான் மாஸ்டர். இத்தனை நாளா பொய் எழுதினது என்னோட படிச்ச கை."